தக்கை ஏறியிருந்தது

என் தம்பியை ஹோட்டலில் எல்லோரும் 'துப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒயினைத் தேர்ந்தெடுப்பது, நிலவறையில் பாதுகாப்பது, மேசைக்குக் கொண்டுவந்து திறந்து ஊற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு. அந்த வேலையில் இருப்பவர்கள் ஒரு வாய் எடுத்து, வாய்க்குள்ளேயே சுழற்றி, உதட்டிடுக்கில் கொஞ்சம் காற்றை உறிஞ்சி, பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிடுவார்கள். விழுங்கினால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்பான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாளி எங்கே என்று தெரியாமல் வாயை உப்பிக்கொண்டு சமையலறை முழுக்கச் சுற்றியிருக்கிறான். "துப்பு, துப்பு" என்று சமையல்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொல்லுக்கு அடையாளம், தடயம் என்றும் பொருள் உண்டு, திறமை என்றும் பொருள் உண்டு என்று நான் அவனைத் தேற்றுவேன். எங்கள் சித்திக்கு அந்தக் கடைசிப் பொருள் மட்டும் நன்றாகத் தெரியும். 'கெட்டவன்' என்று ஒன்றைப் பின்னால் சேர்த்துத்தான் சொல்வார்.

நான் அவனுக்கு மூத்தவள். ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். என் கல்யாணம் நிலைக்கவில்லை, அவன் செய்துகொள்ளவேயில்லை. மருந்துக்கடைக்கு மேலே இருந்த ஒரு வீட்டில் இருவரும் சேர்ந்து இருந்தோம். விருந்தினர்கள் மிச்சம் வைத்த ஒயினில் நல்லதாக இருந்தால், இருமல் மருந்துப் புட்டி ஒன்றில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வருவான். எனக்குக் குடிக்கக் கொடுக்க அல்ல, என்னிடமிருந்து சொல் வாங்க. வாசனைகளுக்குச் சொல் கிடைக்காமல் அவன் தவித்துக்கொண்டே இருந்தான். ஹோட்டலில் 'ஸ்ட்ராங்', 'சூப்பர்' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எல்லோரும் காலம் தள்ளினார்கள்.

"அக்கா, இத மோந்து பாரு. என்ன வாசனை?"

"மழையில நனைஞ்ச செருப்பு."

"சீ. மேசையில உக்காந்திருக்கறவங்ககிட்ட சொல்ற மாதிரி அழகா சொல்லு."

"மழையில நனைஞ்ச அழகான செருப்பு."

சிரிப்பான். ஆனால் அடுத்த வாரம் யாரோ ஒரு விருந்தினரிடம் 'நனைந்த தோலின் வாசனை' என்று சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். பென்சில் சீவிய தூள், பூட்டிவைத்த மரப்பெட்டி, மை காயாத தாள் என்று எங்கள் அச்சகத்துச் சாமான்கள் பாதி அவன் வாய்வழியாக அந்த ஹோட்டலுக்குப் போயிருக்கின்றன.

அவன் வாழ்க்கையில் தானாக எடுத்த பெரிய முடிவு ஒன்றே ஒன்றுதான். பொறுப்புக்கு வந்த புதிதில், ஒயின் வியாபாரி ஒருவர் வைத்த சுவை பார்க்கும் கூட்டத்துக்குப் போனான். பிரான்சில் போர்டோ பக்கத்துச் சின்னத் தோட்டம் ஒன்றின் சிவப்பு ஒயின். அந்த வருடம் அங்கே மழை பொய்த்து, வெயில் கடுமையாக இருந்து, திராட்சை சிறுத்துத் தோல் தடித்துப்போயிருந்ததாம். சிவப்பு ஒயினின் உடம்பு அந்தத் தோலில்தான் இருக்கிறது என்பான். ஒரு வாய் சுவைத்துவிட்டு வந்தவன், அன்று வீட்டில் உட்காரவே இல்லை. நடந்துகொண்டே பேசினான். முதலாளியைப் பிடித்து, கெஞ்சி, பெட்டி பெட்டியாக வாங்கவைத்துவிட்டான்.

வந்த பெட்டிகளை நிலவறையில் இறக்கி முடிப்பதற்குள், பொறுமையில்லாத மேனேஜர் சில புட்டிகளை மேசைக்கு அனுப்பிவிட்டார். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் இதில் தேயிலையை வேகவைத்தீர்களா என்று கேட்டாராம். புட்டிகள் மேசையிலிருந்து திரும்பி வந்தன. முதலாளி தானே ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தம்பியைக் கூப்பிட்டார்.

"என்னய்யா வாங்கி வெச்சிருக்க? நாக்குல ஷேவிங் பண்ணின மாதிரி இருக்கு."

"சார், இது இப்ப குடிக்கறதுக்கு இல்ல. படுக்க வைக்கணும்."

"யார?"

"பாட்டில சார். இருட்டுல, குளிர்ச்சியா, ஆடாம அசையாம. பத்து வருஷம் போல. கூடவும் ஆகலாம்."

பரிமாறுகிறவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பந்தயப் பிரியர். "சரி, நீ சொல்ற அன்னைக்குத் திறப்போம். அதுவரைக்கும் அத என் கண்ணுல காட்டாத. உன் கணக்கு தப்பாப் போச்சுன்னா உன் மூஞ்சியையும் காட்டாத" என்றார்.

அன்று முதல் அந்த ஒயினுக்கு 'துப்பு கஷாயம்' என்று பெயர். வைத்தவர் மேனேஜர். "என்னய்யா, கஷாயம் இறங்கிடுச்சா?" என்பது அந்த ஹோட்டலில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. கஷாயம் என்ற சொல்லுக்கே மூலத்தில் துவர்ப்பு என்றுதான் பொருள் என்று நான் சொன்னபோது தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப மேனேஜர் தெரியாமலே சரியா சொல்லிட்டாரு. அவர் வாழ்க்கையிலேயே சரியா சொன்னது அது ஒண்ணுதான் போல."

அந்த ஒயினில் ஒரு வாய் நானும் அப்போது சுவைத்தேன். வற்புறுத்திக் கொடுத்தான். "கசக்குதுடா" என்று சமையலறைத் தொட்டியில் துப்பினேன்.

"தாள்ல பிழை திருத்துற, நாக்குல பிழை விடுறியே. கசப்பா, துவர்ப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டுக்கும் என்னடா பெரிய வித்தியாசம்?"

"கன்னத்த உள்ளுக்கு இழுக்குதா? ஈறு மேல நாக்க ஓட்டிப் பாரு, சொரசொரன்னு இருக்கா? அது துவர்ப்பு. அது ருசி இல்ல, தொடுறது. கசப்பு வேற. அது நாக்கோட அடியில போய் உக்காந்துக்கும், எழுந்து போகாது. துவர்ப்பு வயசாக ஆக இறங்கும். கசப்பு இறங்கவே இறங்காது."

நாக்கை ஈறில் ஓட்டிப் பார்த்தேன். துவர்ப்புதான்.

வருடத்துக்கு ஒரு புட்டி திறந்து பார்ப்பான். அன்று வீட்டுக்கு வந்ததும், பள்ளிக்கூடத்தில் மகனின் வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்த அப்பா மாதிரி எனக்கு விவரம் சொல்வான். "இன்னும் முரட்டுப் பயலாத்தான் இருக்கான்." இன்னொரு வருடம், "கொஞ்சம் பேச ஆரம்பிச்சிருக்கான் அக்கா." நடுவில் சில வருடங்கள், "மூஞ்சியே குடுக்க மாட்டேங்கறான், உம்முனு இருக்கான்" என்று கவலைப்பட்டான். சிலது அப்படி நடுவில் வாயை மூடிக்கொண்டு கிடக்குமாம், பிறகு தானே திறக்குமாம். கடைசியாகப் பார்த்த வருடம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"வந்துட்டான். இன்னும் ஒரு வருஷம் விட்டா போதும். ஒரே ஒரு வருஷம்."

அந்த ஒரு வருடத்துக்குள் அவன் தொண்டையில் கட்டி வந்தது.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். கழுத்துத் தோல் கருகி உரிந்தது. குரல் தாள் கிழிகிற சத்தம் மாதிரி ஆயிற்று. முதலில் இனிப்பு போயிற்று, பிறகு உப்பு, பிறகு எல்லாம் போய், பச்சைத் தண்ணீரே கசக்கிறது என்றான். பார்க்க வந்த சித்தி, ஆரஞ்சுப் பழங்களை அவனால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் கட்டில்மேல் வரிசையாக வைத்துவிட்டு, "எதால பொழைச்சியோ அதே உன்னத் தின்னுடுச்சு. இவ்வளவா குடிப்பாங்க?" என்றார்.

"நான் துப்பினேன் சித்தி."

"துப்பினா? வாயில போட்டது உள்ள போகாம இருக்குமா? யார்கிட்ட காது குத்துற?"

அவர் போனபிறகு தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சித்தி சொன்னதற்காக என்று நினைத்தேன். அது இல்லை.

"நாக்கு போனா போகட்டும். அது சரியா வந்துச்சான்னு மட்டும் தெரிஞ்சா போதும் அக்கா. திறந்து பாத்து யாராவது சொல்லணும். இத்தன வருஷம் கஷாயம் கஷாயம்னு சிரிச்சாங்களே, அவங்க வாயாலயே சொல்லணும்."

அதற்குப் பிறகு அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

அவன் சிகிச்சையில் இருந்த காலத்தில் ஹோட்டலை மூடிவிட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெயில் காலம் முழுக்க வேலை நடந்தது. திறப்பு நாளுக்கு மதிய விருந்து வைப்பதாக முதலாளியே போன் செய்தார்.

"என்னய்யா துப்பு, உன் கஷாயத்த அன்னைக்கு இறக்கிடலாமா? பழைய ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். அன்னைக்குத் திருப்பி அனுப்பினவங்களையும் சேத்து."

தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாளே புட்டிகளை அலுங்காமல் நிமிர்த்தி வைக்கச் சொன்னான். வருடக்கணக்கில் படுத்திருந்ததால் பக்கவாட்டில் படிந்திருக்கும் மண்டி அடியில் இறங்க வேண்டும். திறக்கிற வேலையைத் தானே செய்வதாகவும் சொன்னான். கறுப்புக் கோட்டு அவனுக்குத் தொளதொளவென்று ஆகியிருந்தது. கழுத்துப்பட்டியைப் போட முடியாமல் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிவிட்டேன். கை நடுங்கினால் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன்.

சமையலறைக்கும் விருந்து அறைக்கும் நடுவில், தட்டுகளும் கிளாஸ்களும் அடுக்கிவைக்கிற நீளமான அறை ஒன்று. புதுப் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. மேசைமேல் புட்டிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் கண்ணாடிக் குடுவைகள், ஒரு மெழுகுவத்தி. தம்பி முதல் புட்டியின் தலையில் கட்டைவிரலை வைத்தான். வைத்த விரலை எடுக்கவில்லை. அடுத்த புட்டியைத் தொட்டான். அதற்கு அடுத்ததை. கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அக்கா, இங்க தொட்டுப் பாரு."

புட்டியின் வாயைச் சுற்றியிருந்த மெல்லிய தகடு தட்டையாக இல்லை. கொப்புளம் மாதிரி மேலே புடைத்திருந்தது.

"என்னடா இது?"

"கார்க் ஏறியிருக்கு."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், தகட்டை வெட்டி எடுத்துக் காட்டினான். தக்கை புட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தது. அதைச் சுற்றிப் பிசுபிசுவென்று காய்ந்த கறை. "குளிர்ச்சியில படுத்திருந்தா கார்க் இருந்த இடத்துல இருக்கும். சூடு பட்டா உள்ள இருக்கறது பெருகும், கார்க்கை மேல தள்ளும், கசியும். ஆறினதும் காத்தை உள்ள இழுத்துக்கும்" என்று மெதுவாகச் சொன்னான். "காய்ச்சல் வந்திருக்கு அக்கா, எல்லாத்துக்கும்."

மேனேஜரைக் கூப்பிட்டான். புதுச் சட்டையோடு வந்தார்.

"நிலவறைல என்ன சார் பண்ணீங்க?"

"வந்ததும் வராததுமா விசாரணையா? ஒண்ணும் பண்ணலையே."

"கார்க் ஏறியிருக்கு சார்."

அவர் என்னை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "பெயிண்ட் அடிக்கணும், ரேக் எல்லாம் கழட்டணும்னாங்க. கொஞ்ச நாள் வேற இடத்துல மாத்தி வெச்சோம். அவ்வளவுதான்."

"எந்த இடத்துல?"

"லாண்டரிக்குப் பக்கத்து ரூம்ல."

"ஸ்டீம் பைப் போற ரூமா?"

"ஹோட்டலே மூடியிருந்துச்சு, ஸ்டீம் எங்கப்பா ஓடுச்சு? திரைச்சீலை எல்லாம் துவைச்சாங்க, அதுக்கு மட்டும் கொஞ்சம்."

"இந்த வெயில் காலம் பூராவா?"

"என்னய்யா நீ, கண்ணாடி பாட்டில்தானே, ஐஸ்கிரீமா என்ன, உருகிப் போறதுக்கு? வெளிய எல்லாரும் வந்தாச்சு, முதலாளி உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. சீக்கிரம் திற."

தம்பி திறந்தான். தக்கையின் பக்கவாட்டில் ஒயின் கறை அடியிலிருந்து உச்சிவரை ஏறியிருந்தது. மெழுகுவத்தியைப் புட்டியின் கழுத்துக்கு அடியில் பிடித்து, மண்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே குடுவையில் சாய்த்தான். நடு ஆழமான சிவப்பாகவும் ஓரம் செங்கல் நிறமாகவும் இருக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறான். வந்தது, ஆறிப்போன தேநீரின் நிறம். கிளாஸில் கொஞ்சம் விட்டு வாயில் எடுத்தான். சுழற்றினான். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு வாளியில் துப்பிவிட்டு, கிளாஸை என்னிடம் நீட்டினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ பாரு."

முதலில் மோந்தேன். ஜாம் கொதிக்கிற வாசனை. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. மரப்பெட்டி இல்லை, பென்சில் தூள் இல்லை. வாயில் எடுத்தேன். எதையும் இழுக்கவில்லை. கன்னம் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து நாக்கின் அடியில் ஏதோ போய் உட்கார்ந்தது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "கசப்பா, துவர்ப்பா?"

துவர்ப்பு என்று சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் சரியாகிவிடும் என்று அதற்கு அர்த்தம். அவனுக்கு அந்த நாள்கள் இல்லையென்றாலும் ஒயினுக்கு இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவன் கேட்டது ஆறுதல் இல்லை. நாக்கை இரவல் கேட்டான். இரவல் கொடுத்ததில் கலப்படம் செய்யக்கூடாது.

"கசப்புடா."

தலையாட்டினான். அடுத்தடுத்த புட்டிகளையும் திறந்தான். எல்லாமே அப்படித்தான் இருந்தன. குடுவையின் விளிம்பில் வழிந்திருந்த ஒரு துளியை வெள்ளைத் துணியால் துடைத்தான். பிறகு குடுவையை எடுத்துக்கொண்டு, கதவை முதுகால் தள்ளித் திறந்து விருந்து அறைக்குள் போனான். பின்னாலேயே போனேன்.

"வந்துட்டான்யா நம்ம துப்பு!" என்று முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். மேசை முழுக்கக் கைதட்டினார்கள். அவனை இளைத்து, கறுத்து, கழுத்தில் துணியோடு பார்த்த பரிதாபமும் அந்தக் கைதட்டலில் இருந்தது. தம்பி முதலாளி பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"சார், இத இன்னைக்குக் குடுக்க வேணாம்."

"ஏன்யா?"

"கெட்டுப்போச்சு. சூடு பட்டிருக்கு."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்குள் மேனேஜர் அவருடைய மற்றக் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். ரகசியம் பேசுகிற மாதிரி, ஆனால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், பாவம், ட்ரீட்மென்ட்ல அவருக்கு நாக்குல ருசியே போயிடுச்சு. பச்சத்தண்ணியே கசக்குதுங்கறாரு. அவரே என்கிட்ட சொன்னது."

அது உண்மைதான். நலம் விசாரித்த ஒரு நாளில் தம்பிதான் அவரிடம் அப்படிச் சொன்னான்.

முதலாளியின் முகம் இளகியது. தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அதனாலதான் பயப்படறியா? விடு. நான் சொல்றேன் உனக்கு." குடுவையிலிருந்து தானே கொஞ்சம் ஊற்றி, மோந்து, ஒரு வாய் குடித்தார். மேசை காத்திருந்தது.

"அட! என்ன வாசனைய்யா! ஜாம் மாதிரி! அந்த ஷேவிங் பிளேடெல்லாம் எங்கய்யா போச்சு? பட்டு மாதிரி இறங்குதே!"

கிளாஸ் கை மாறிப் போயிற்று. மோந்தவர்கள் எல்லோருக்கும் ஜாம் பிடித்திருந்தது. தேயிலை வேகவைத்தீர்களா என்று அன்றைக்குக் கேட்டவரும் வந்திருந்தார். "ஒத்துக்கறேன்ப்பா, தோத்துட்டேன்" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

"சார், கார்க்கைப் பாருங்க" என்று தம்பி பையிலிருந்து தக்கையை எடுத்தான். யாருக்கும் கேட்கவில்லை. அவன் குரல் அவ்வளவுதான் வரும்.

நான் பேசினேன். "சார், அவன் சொல்றது சரிதான். நானும் குடிச்சுப் பாத்தேன். கசக்குது. நல்ல ஒயின் இப்படி இருக்காது."

"உங்களுக்குக் குடிக்கற பழக்கம் உண்டாம்மா?" என்று முதலாளி மரியாதையாகக் கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப முதல்ல எல்லாருக்கும் கசக்கத்தான் செய்யும். போகப் போகப் பழகிடும்."

சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். அந்த அறையில் எங்களுக்குக் கெடுதல் நினைத்தவர் ஒருவர்கூட இல்லை. மேனேஜர்கூடத் தன் வேலைக்குத்தான் பயந்தார்.

"ஊத்துங்க, ஊத்துங்க" என்றார் முதலாளி. மேனேஜரே குடுவையை எடுத்து முதல் கிளாஸை விளிம்புவரை நிரப்பினார். மேசைத் துணியில் ஒரு கோடு வழிந்தது. தம்பி அதைப் பார்த்தான். அவர் கையிலிருந்து குடுவையை வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவருக்கும் வலப்பக்கமாகப் போய், கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, கடைசியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, ஒரு துளி சிந்தாமல் நிமிர்த்தினான். கை நடுங்கவே இல்லை. கெட்டுப்போனதாக இருந்தாலும் அப்படி வழிய வழிய ஊற்றுவதை அவனால் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது.

எல்லோருக்கும் ஊற்றிய பிறகு முதலாளி அவன் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தார்.

"பந்தயத்துல நான் தோத்துட்டேன்யா. உன் பேரச் சொல்லிக் குடிக்கறோம். ஆனா இன்னைக்கு ஒரு நாள் மட்டும் துப்பக் கூடாது!"

"துப்பாத துப்பு!" என்று யாரோ கத்தினார்கள். மேசை அதையே பாட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டது. "துப்பாத துப்பு! துப்பாத துப்பு!"

வாளி உள் அறையில் இருந்தது. தம்பி ஒரு வாய் எடுத்தான். சுழற்றவில்லை, காற்று உறிஞ்சவில்லை. விழுங்கினான். வெந்த தொண்டையில் அது இறங்குவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"அழுவுறான் பாரு" என்று முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷம் காத்திருந்தான்ல." கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

திரும்பி வரும்போது வண்டியில் அவன் வாயைத் துணியால் மூடிக்கொண்டே இருந்தான். வீட்டுப் படி ஏறும்போதுதான் பேசினான்.

"இதுக்குக் கைதட்டினாங்களே அக்கா."

அந்த வாரமே முதலாளிக்குப் போன் செய்து, லாண்டரி அறை விஷயம், தக்கை விஷயம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "அம்மா, இந்த நேரத்துல அவர் மனச நோகடிக்காதீங்க. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னே சொல்லுங்க. எங்களுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நான் தம்பிக்கு ஆறுதல் தேடுவதாக அவர் நினைத்துவிட்டார்.

பிறகு தம்பி எழுந்திருக்கவில்லை. சாப்பாடு குழாய் வழியாகப் போயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து கொண்டுவந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். திடீரென்று கேட்பான்.

"கார்க் ஏறியிருந்துச்சுல்ல?"

"ஏறியிருந்துச்சு."

"நீ தொட்டுப் பாத்தல்ல?"

"பாத்தேன்டா."

"அப்ப நான் வாங்கினது நல்லதுதான்."

"நல்லதுதான்."

பிறகு, "இல்ல, சூடு படாம இருந்தாலும் வந்திருக்காதோ? நான்தான் ஆசையில வந்துட்டான், வந்துட்டான்னு நெனச்சேனோ?" என்பான். அந்த ஒயின் சரியாக வந்து நின்றதைச் சுவைத்தவர்கள் யாரும் இல்லை. கெடாத புட்டி ஒன்று நிலவறையில் எங்காவது மிஞ்சியிருந்தால் பார்த்திருக்கலாம். ஒன்றும் மிஞ்சவில்லை. மாற்றி வைத்தபோது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். நல்லதுதான் என்று நான் சொன்னது அவன்மேல் இருந்த நம்பிக்கையில். என் நாக்கு கண்டது கசப்பை மட்டும்தான். அந்த வித்தியாசம் அவனுக்கும் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனை வீட்டில் கிடத்தியிருந்தபோது முதலாளி பெரிய மலர் வளையத்தோடு வந்தார். மேனேஜரும் கூட வந்தார். மாடிப்படி கொள்ளாத கூட்டம், உறவுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து, தன்னைச் சுற்றியிருந்தவர்களுக்கு அந்த விருந்தின் கதையைச் சொன்னார். நாங்கள் எல்லாம் சிரித்தோம், அவன் பொறுமையாகக் காத்திருந்தான், கடைசியில் ஜெயித்துவிட்டான் என்றார். அன்றைக்கு அவன் கிளாஸைத் தூக்கிக் குடித்ததையும் கண்ணீர் விட்டதையும் சொன்னார். சொல்லும்போது அவருக்கும் குரல் உடைந்தது.

சித்தி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்திலிருந்த அத்தையிடம் திரும்பி, "டாக்டர் வேணாம்னு அவ்வளவு சொல்லியும் கடைசி வரைக்கும் குடிச்சிருக்கான் பாரு" என்றார்.

நான் எழுந்தேன். "அது கெட்டுப்போன ஒயின்" என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்தார். மேனேஜர் தன் கைக்குட்டையைப் பார்த்தார்.

"வெயில் காலம் பூரா ஸ்டீம் ரூம்ல வெச்சுக் கெடுத்துட்டாங்க. அவன் கெடுக்கல. அவன் வேணாம்னுதான் சொன்னான். நீங்கதான் குடிக்க வெச்சீங்க. நீங்க கைதட்டினது கெட்டுப்போனதுக்கு."

"துக்கத்துல இருக்காங்க" என்றார் மேனேஜர் மெதுவாக.

"பாவம், ஒத்தப் பொறப்பு" என்றது ஒரு குரல்.

நான் மறுபடியும், இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னேன். தக்கை ஏறியிருந்ததைச் சொன்னேன், கறையைச் சொன்னேன், நிறத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ தோளைப் பிடித்தார்கள், யாரோ முந்தானையைச் சரிசெய்தார்கள். "உக்காருங்க, முதல்ல உக்காருங்க" என்று அழுத்தி உட்காரவைத்தார்கள்.

"யாராவது தண்ணி குடுங்கப்பா அவங்களுக்கு" என்றார் முதலாளி.

கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்தேன்.